பல்கலைக்கழகப் பாட அட்டவணையைக் கணினி எப்படித் தானாகப் போடுகிறது?

அடிப்படை, கிராஃப் கலரிங்தான், அதாவது கோடுகளால் இணைந்த புள்ளிகளுக்கு நிறம் கொடுக்கும் கணக்கு. ஒவ்வொரு பாடமும் ஒரு புள்ளி. ஒரே மாணவரோ ஆசிரியரோ இரண்டு பாடங்களிலும் இருந்தால் நடுவே ஒரு கோடு, கோட்டால் இணைந்தவை ஒரே நிறத்தை, அதாவது ஒரே நேரத்தை, வாங்கக் கூடாது. சரி, எல்லா வாய்ப்பையும் சோதித்துவிடலாமே என்றால் முடியாது: 50 பாடம், 30 பாடவேளை என்றாலே வாய்ப்புகளின் எண்ணிக்கை 74 இலக்க எண். அதனால் மோதல் அதிகமுள்ள பாடத்துக்கு முதலில் இடம் பிடித்து, அப்புறம் மாற்றி மாற்றித் திருத்துவார்கள். இப்படித் திருத்தும் முறைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது சிமுலேட்டட் அனீலிங். முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ளாமலிருக்க, ஆரம்பத்தில் அட்டவணையைக் கெடுக்கும் மாற்றத்தைக்கூட அது சில நேரம் ஏற்கும், போகப்போகக் கறாராகிவிடும். ஆனால் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மட்டும் வகுப்பு வைத்து மாணவரைக் காக்க வைத்தால் எத்தனை அபராதப் புள்ளி (அட்டவணை எவ்வளவு மோசம் என்பதற்கான மதிப்பெண்) என்று மனிதர்தான் முதலில் சொல்லித் தர வேண்டும்.