மறுப்புக் கடிதம் கையில் இருக்கும்போது காசு எதற்கு?

கேள்வி: நான் பாலர் பள்ளி ஆசிரியை, வயது 34. உட்லண்ட்ஸில் மாமனார் வீட்டில் இருக்கிறோம். அடுத்த வருடம் மறுவிற்பனை வீடு ஒன்று வாங்கலாம் என்று திட்டம். போன வாரம் ஒரு வங்கியில் கிரெடிட் கார்டு கேட்டேன். மாதச் சம்பளம் 3,600 வெள்ளி இருந்தும் மறுத்துவிட்டார்கள். கடிதத்தில் காரணம் எதுவும் போடவில்லை. இதுவரை யாரிடமும் நான் கடன் வாங்கியதில்லை. கணவரின் கார்டில் ஒரு துணை அட்டை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். (திருமணத்துக்கு முன் ஈசூனில் இருந்தபோது, பயணப்பை இலவசம் என்று கடைத்தொகுதியில் ஒரு கார்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஒருமுறைகூடத் தேய்க்காமல் வெட்டிப் போட்டுவிட்டேன்.) இப்போது கைப்பேசியைத் திறந்தாலே, மாதக் கட்டணம் கட்டி உங்கள் கிரெடிட் ஸ்கோரை (கடன் மதிப்பெண்ணை) பாருங்கள் என்று விளம்பரம் வருகிறது. அக்கா, "கட்டிப் பார்த்துவிடு, கூடவே வேறு மூன்று வங்கியிலும் போட்டு வை, எதாவது ஒன்று கிடைக்கும்" என்கிறார். கணவரோ, "நம்ம விவரத்தை நமக்கே விற்கிறான், அதுக்கு ஜிஎஸ்டி வேற" என்று கோபப்படுகிறார். காசு கொடுத்துப் பார்க்கலாமா, வேண்டாமா?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இந்த முறை காசு கொடுக்காதீர்கள். கடனை நீங்கள் எப்படிக் கட்டி வந்தீர்கள் என்று காட்டும் கடன் அறிக்கை உங்களுக்கு இப்போது இலவசம்.

அந்த மறுப்புக் கடிதத்தைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எடுத்து, எல்லோரும் படிக்காமல் விடும் அந்தக் கடைசிப் பத்தியைப் படியுங்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையைப் பார்த்தார்கள் என்பது பெரும்பாலும் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். நம் ஊரில் அநேகமாக அது கிரெடிட் பியூரோ சிங்கப்பூர். அதில் உறுப்பினராக உள்ள வங்கி உங்கள் விண்ணப்பத்தை ஏற்றாலும் மறுத்தாலும், கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் உங்கள் அறிக்கையின் ஒரு பிரதியை இலவசமாகப் பெறலாம். போன வாரம் வந்த கடிதம் என்றால் இன்னும் இரண்டு வாரமாவது இருக்கிறது. கடிதத்தையும் அடையாள அட்டையையும் தயாராக வைத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் வழிமுறையைப் பாருங்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். விளம்பரத்தைத் தட்டிப் போக வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பு எதையும் திறக்கவே வேண்டாம். "உங்கள் ஸ்கோரைப் பார்க்க இந்த சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்று முன்பின் தெரியாதவர் அனுப்பினால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

உங்கள் கேள்விக்கு இதுவே போதும். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பயணப்பை கார்டு.

கார்டை வெட்டினால் அந்தப் பிளாஸ்டிக் துண்டுக்குத்தான் முடிவு. வங்கிக்குச் சொல்லி ரத்து செய்யும்வரை கணக்கு உயிரோடு இருக்கும். பல கார்டுகளுக்கு முதல் வருடம்தான் ஆண்டுக் கட்டணம் கிடையாது. அதன் பிறகு சுமார் 200 வெள்ளி. நீங்கள் ஒரு காசுகூடச் செலவழிக்காவிட்டாலும் அந்தத் தொகை கணக்கில் ஏறும். மாதாந்திர அறிக்கை ஈசூன் முகவரிக்குப் போயிருக்கும். நீங்களோ திருமணமாகி உட்லண்ட்ஸ் வந்துவிட்டீர்கள். கட்டாத தொகைக்குத் தாமதக் கட்டணம் மாதம் 100 வெள்ளியைத் தொடலாம். வட்டியோ ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல். கடனே வாங்காத ஒருவர் கடன் கட்டாதவர் பட்டியலில் இடம்பிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். உங்களுக்கு இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த வங்கி இரண்டாம் வருடமே கணக்கைச் சத்தமில்லாமல் மூடியிருக்கவும் கூடும். அறிக்கை வந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அது வந்ததும் ஸ்கோரைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். விளம்பரங்கள் விற்பது அந்த எண்ணைத்தான். உங்களுக்கு வேண்டியது அதற்குக் கீழே உள்ள வரிகள். இருந்தாலும் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1000 முதல் 2000 வரை போகும், கூடக்கூட நல்லது. 1911 அல்லது அதற்கு மேல் என்றால் ஏஏ என்ற முதல் தரம், 1723ம் அதற்குக் கீழும் எச்எச் என்ற கடைசித் தரம். சிலருக்கு எண்ணே இருக்காது, சிஎக்ஸ் என்று மட்டும் போட்டிருக்கும். உங்களைக் கணிக்கப் போதுமான கடன் வரலாறு இல்லை என்று பொருள். அது கெட்ட பெயர் இல்லை. துணை அட்டையின் கணக்கு கணவர் பெயரில் ஓடுவதால், அதை நீங்கள் எத்தனை வருடம் ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் உங்களுக்கென்று வரலாறு சேராது. பயணப்பை கார்டு எப்போதோ மூடப்பட்டிருந்தால் உங்கள் அறிக்கையில் சிஎக்ஸ் இருக்கவே வாய்ப்பு அதிகம். மறுப்புக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இனி வரிகள். ஒவ்வொரு கணக்குக்கும் கடந்த 12 மாதம் கட்டிய விதம் எழுத்துகளாக இருக்கும். ஏ என்றால் சரியாகக் கட்டியது. பி என்றால் 30 முதல் 59 நாள் தாமதம், சி 60 முதல் 89 நாள், டி 90 நாளோ அதற்கு மேலோ. மாதம் ஒன்று கூடக்கூடப் பழைய மாதம் ஒன்று பின்னால் விழுந்துகொண்டே போகும். கணக்கை வாராக்கடன் என்று வங்கி குறித்திருந்தால் அது வேறு பகுதியில் இருக்கும். பணத்தை முழுதாகக் கட்டித் தீர்த்த பிறகும் மூன்று வருடம் அங்கேயே நிற்கும். உங்களைப் பற்றி எந்தெந்த வங்கி எந்தத் தேதியில் விசாரித்தது என்பதும் இரண்டு வருடத்துக்குப் பதிவாகியிருக்கும். உங்கள் சம்பளம், சேமிப்பு, மத்திய சேம நிதி எதுவும் இதில் இருக்காது. மாமியாருக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருக்கும் பணமும் பத்திரம்.

விசாரணைப் பதிவு என்றதும் அக்கா சொன்னது நினைவுக்கு வருகிறது. தயவுசெய்து அந்த மூன்று விண்ணப்பங்களைப் போடாதீர்கள். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோருக்கு எந்தக் கெடுதியும் இல்லை. ஆனால் புதிதாகக் கடன் கேட்டு நீங்கள் விண்ணப்பிக்கும்போது வங்கி செய்யும் ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும், அது கணக்கிலும் சேரும். ஒரு வங்கி மறுத்த அடுத்த வாரமே மூன்று வங்கிகளில் ஒருவர் கைநீட்டினால், பார்ப்பவருக்குப் பணமுடையாகத்தான் தெரியும். அக்காவுக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறது. வழிதான் தவறு.

பயணப்பை கார்டில் உண்மையிலேயே பாக்கி இருந்தால், முதலில் அந்த வங்கியை அழைத்துப் பேசுங்கள். பயன்படுத்தாத கார்டு, முகவரி மாறிவிட்டது என்று விளக்கி, ஆண்டுக் கட்டணத்தையும் தாமதக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள். கேட்டால் விட்டுக்கொடுக்கும் வங்கிகள் உண்டு, கேட்காதவரை யாரும் விடமாட்டார்கள். பேசி முடிந்ததும் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மீதி இருந்தால் கட்டிவிடுங்கள். கட்டிய கையோடு, கோபத்தில் கணக்கை மூடத் தோன்றும். கணக்கு இன்னும் இயங்குகிறது என்றால் அவசரப்படாதீர்கள். மூடிய கணக்கின் விவரம் மூன்று வருடம்வரை அறிக்கையில் தெரியும், பி, சி எழுத்துகளோடு சேர்த்தே. திறந்து வைத்து, மாதம் ஒரு சிறு தொகைக்குப் பயன்படுத்தி, ஜைரோ மூலம் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி) முழுதாகக் கட்டி வந்தால், பன்னிரண்டு மாதத்தில் பழைய எழுத்துகள் எல்லாம் உதிர்ந்து ஏ மட்டும் மிஞ்சும். அதன் பிறகு வேண்டுமானால் முறைப்படி ரத்து செய்யுங்கள். உங்களுக்கு வேண்டிய கடன் வரலாறும் அதற்குள் சேர்ந்திருக்கும்.

உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கணக்கு ஒன்று அறிக்கையில் இருந்தால் உடனே கிரெடிட் பியூரோவிடம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். அவர்கள் அந்த வங்கியிடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள். தகவல் தவறு என்றால் திருத்த வேண்டும். தகவல் உண்மை என்றால் அதை அழிக்க யாராலும் முடியாது. "முந்நூறு வெள்ளி கொடுங்கள், உங்கள் ரெக்கார்டைக் கிளீன் செய்து தருகிறோம்" என்பவர்களிடம் ஏமாந்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கணவரின் கோபத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. என் விவரத்தை வங்கிகள் எல்லாம் பார்க்கின்றன, நான் பார்க்க மட்டும் காசு என்றால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். வருடத்துக்கு ஒரு பிரதியாவது எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்பதே என் எண்ணம். ஆனால் அந்த எரிச்சலுக்காகப் பார்க்காமலே இருப்பது நமக்குத்தான் நஷ்டம். வரியோடு சேர்த்துப் பத்து வெள்ளிக்குள் முடிகிற விஷயம்.

எப்போது அந்தக் காசைக் கொடுப்பது சரி? நீங்கள் வீடு வாங்கப் போவதற்கு முன்பு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீட்டுக்கு விற்பவரிடம் கொடுக்கும் முன்பணம் 1,000 வெள்ளிவரை இருக்கலாம். கொடுத்ததும், வாங்குவதை உறுதிசெய்ய 21 நாள் கெடு ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் வங்கி உங்கள் பழைய பாக்கியைக் கண்டுபிடித்துக் கைவிரித்தால் வீடும் போகும், முன்பணமும் போகும். வீவகவிடம் எச்எஃப்இ கடிதம் (வீடு வாங்க உங்களுக்குள்ள தகுதியைச் சொல்லும் கடிதம்) கேட்பதற்கு ஆறு மாதம் முன்பே அறிக்கையைப் பார்த்துவிட்டால், தவறு இருந்தால் திருத்தவும், பாக்கி இருந்தால் கட்டவும், கட்டியது பதிவில் ஏறவும் நேரம் கிடைக்கும். அதற்கு ஒரு பத்து வெள்ளி தாராளமாகக் கொடுக்கலாம்.

மாதச் சந்தா வேண்டாம். ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் அறிக்கையில் மாதாமாதம் பார்த்து மகிழ அப்படி ஒன்றும் நடக்காது. அடையாள அட்டையைத் தொலைத்தவர், சிங்பாஸ் விவரத்தை மோசடிக்காரரிடம் பறிகொடுத்தவர், தன் பெயரில் வேறு யாரோ கடன் வாங்கியதை ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்தவர், இவர்களுக்கு எச்சரிக்கைச் சேவை உதவலாம். மற்றவர்களுக்கு அது தேவையில்லாத செலவு.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அறிக்கை சுத்தமாக இருந்தாலும் வங்கி மறுக்கலாம். கிரெடிட் பியூரோ தகவலைத் தருவதோடு சரி, கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது வங்கிதான். ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கார்டுக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளி வேண்டும் என்ற விதியை உங்கள் சம்பளம் எளிதாகத் தாண்டுகிறது. வேலையில் சேர்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையும் வங்கி பார்க்கலாம். அறிக்கையில் குறை எதுவும் இல்லை என்றால், வங்கியைத் தொலைபேசியில் அழைத்து, ஏதாவது ஆவணம் குறைந்ததா என்று நேரடியாகக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டுக் கடனை இருவர் பெயரில்தான் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் வங்கி இருவர் அறிக்கையையும் பார்க்கும். உங்களுடையது சுத்தமாக இருந்து அவருடையதில் குறை இருந்தாலும் சிக்கல்தான். அவரவர் அறிக்கையை அவரவர்தான் கேட்டு வாங்க வேண்டும். அண்மையில் வங்கி ஏற்றோ மறுத்தோ அனுப்பிய கடிதம் எதுவும் அவரிடம் இல்லை என்றால் அவருக்கு இலவசம் கிடையாது. ஜிஎஸ்டியோடு சேர்த்து அவரே கட்டட்டும்.