'பள்ளி தொடங்குகிறது': 1899-ஆம் ஆண்டு அமெரிக்கக் கார்ட்டூன், பிற நாடுகளை அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொள்வதை ஆதரிக்கிறதா, கிண்டலடிக்கிறதா?

ஆதரிக்கிறது என்பதே என் வாசிப்பு. 1899 ஜனவரியில் 'பக்' என்ற அமெரிக்க நகைச்சுவை இதழில் லூயி டால்ரிம்பிள் வரைந்த படம் இது. வாத்தியார், அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம். முன் பெஞ்சில் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கும் நான்கு பிள்ளைகள் பிலிப்பைன்ஸ், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, கியூபா. பின்னால் சமர்த்தாகப் படிப்பவர்கள் கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற பழைய வரவுகள். 'இவர்களும் ஒருநாள் அப்படி ஆவார்கள்' என்பதுதான் வாதம்.

ஆனால் ஓரங்களைப் பாருங்கள். கறுப்பினச் சிறுவன் ஜன்னல் துடைக்கிறான். பூர்வகுடிச் சிறுவன் தனியே உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். சீனச் சிறுவன் வாசலைத் தாண்டவே இல்லை. ஆளப்படுவோரின் சம்மதம் ஏட்டில் நல்லது, நடப்பில் அபூர்வம் என்கிறது கரும்பலகை. சம்மதமில்லாமல் ஆள்வதற்கு முன்னுதாரணம் இங்கிலாந்தாம்! அதே இங்கிலாந்திடமிருந்து சம்மதத்தின் பேரால் பிரிந்த நாடு இது.

சரி, இந்தப் படம் ஏன் அப்போது வந்தது? போரில் தோற்ற ஸ்பெயினுடன் 1898 டிசம்பரில் போட்ட ஒப்பந்தப்படி, பிலிப்பைன்ஸைப் பெற்றுக்கொண்டு ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டிருந்தது. செனட்டில் அதன்மேல் கடும் சண்டை. 1899 பிப்ரவரி 6 அன்று 57-27 என்று நிறைவேறியது. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஒரு ஓட்டுதான் கூடுதல். இரண்டு நாள் முன்புதான் மணிலாவில் அமெரிக்கப் படைக்கும் பிலிப்பினோக்களுக்கும் துப்பாக்கிச் சண்டை ஆரம்பித்திருந்தது.

எதிர்த்தவர்கள் எல்லோரும் நியாயவான்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தொழிலதிபர் கார்னகி, பின்னர் சேர்ந்துகொண்ட எழுத்தாளர் மார்க் ட்வைன் ஒரு பக்கம். 'வேற்று நிறத்தவர் நமக்குள் வரக்கூடாது' என்று எதிர்த்த தெற்கத்திய செனட்டர் பென் டில்மன் போன்றவர்கள் இன்னொரு பக்கம்.