அட்ஜஸ்ட்மென்ட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் இரண்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். மேலாளர் ஆக வேண்டும் என்று ஆசை. நீங்களும் ஒரு காலத்தில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். எந்தப் படிப்புக்கு மதிப்பு? சான்றிதழ் இல்லாமல் மேலே போக முடியுமா? ஆங்கிலம் சுமார்தான், போதுமா? எக்செல், ஸ்கேனர், மென்பொருள் எல்லாம் நன்றாக வரும். ஸ்டாக் எடுக்கும்போது கணக்குக்கும் கையிருப்புக்கும் வித்தியாசம் வந்தால் அன்று மாலைக்குள் அட்ஜஸ்ட்மென்ட் போட்டு, அதாவது எண்ணியதற்கு ஏற்பக் கணக்கை மாற்றி, நேர் செய்துவிடுவேன். அதில் எனக்கு நல்ல பெயர். ஆனாலும் கோடவுனில் வேலை என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் கேட்டதையெல்லாம் விட்டுவிட்டு, பெருமையாகச் சொல்லிப் போன அந்த அட்ஜஸ்ட்மென்ட் வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். போன வாரம் பழைய நோட்டுகளை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பின் கார்டு (bin card) கிடைத்தது. ஒவ்வொரு தட்டிலும் சரக்கின் வரவு, வழங்கல், இருப்பு எழுதி வைக்கும் அட்டை. பேரிங், ரக எண் 6204. என் கையெழுத்தில் ‘கழிவு 12’ என்று ஒரு வரி. அதிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

படிப்பு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். முன்பு ஏபிக்ஸ் (APICS) என்று பெயர் கொண்டிருந்த அமைப்பு, திட்டமிடலுக்கும் இருப்பு மேலாண்மைக்கும் தரும் சிபிஐஎம் (CPIM) சான்றிதழுக்குப் பல நாடுகளில் மதிப்பு உண்டு. முடிந்தால் எழுதுங்கள். ஆங்கிலம், இன்வாய்ஸும் மின்னஞ்சலும் புரிந்தால் இப்போதைக்குப் போதும். கூச்சத்துக்கு என்னிடம் மருந்தில்லை.

சரி, அந்த 12. வேலைக்குச் சேர்ந்த புதிது. எண்ணிப் பார்த்தால் கார்டில் உள்ளதைவிட 6204-இல் 12 குறைகிறது. பக்கத்துத் தட்டில் 6205-இல் 12 கூடுகிறது. எனக்கு ஒரே சந்தோஷம். இங்கே கழித்தேன், அங்கே கூட்டினேன். மொத்தம் கச்சிதமாக நின்றது. உங்களைப் போலவே, மாலைக்குள்.

ஒன்பது நாள் கழித்துப் பராமரிப்புப் பிரிவு மெக்கானிக் ஒருவர் வந்து மேஜைமேல் ஒரு பேரிங்கை வைத்தார். அவர் 6205 என்று சீட்டு கொடுத்து வாங்கிப் போனது; கையில் இருந்தது 6204. இதற்கு உள்விட்டம் 20 மில்லிமீட்டர், அதற்கு 25. தண்டில் ஏறவே ஏறாது. மெஷின் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது. அவர் வாங்கிப்போன பன்னிரண்டும் அப்படித்தான்.

எங்கள் ஸ்டோர் கீப்பர் சத்தம் போடவில்லை. இரண்டு பேரிங்கையும் என் கையில் கொடுத்து, “கட்டைவிரலை விட்டுப் பாரு தம்பி” என்றார். ஒன்றில் விரல் இறுகி நின்றது. மற்றதில் தாராளமாகச் சுழன்றது. “வித்தியாசம் வந்துது, அன்னிக்கே சரி பண்ணிட்டேன் ஐயா” என்றேன்.

“சரி பண்ணலை. அழிச்சுட்ட.”

ஒன்றில் 12 குறைவு, பக்கத்தில் 12 கூடுதல். சீட்டில் ஒன்று, கையில் வேறொன்று போயிருக்கிறது என்று அந்த இரண்டு தட்டும் கத்திச் சொல்லியிருக்கின்றன. அந்த மாதத்துச் சீட்டுகளைப் புரட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் ஆள் கிடைத்திருப்பார், மாற்றிக் கொடுக்க ஒன்பது நாள் இருந்தது. நான் அவற்றின் வாயை அடைத்துவிட்டேன். நீங்கள் வாங்கியிருக்கும் நல்ல பெயரும் இப்படிப்பட்டதுதான். கோபம் வந்தால் வரட்டும்.

மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பீர்கள். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் ஒரு கடையில் சூயிங்கம் பொட்டலத்தின்மேல் யுபிசி என்ற பொதுப் பொருள் குறியீட்டு பார்கோடை முதன்முதலாக ஸ்கேன் செய்தார்கள். அன்றும் இன்றும் அந்தக் கருவி படிப்பது மேலே ஒட்டிய சீட்டைத்தான், உள்ளே இருப்பதை அல்ல. ஒரே விலையில் மூன்று ரகம் வந்தால் ஒன்றையே மூன்று தடவை ஸ்கேன் செய்துவிட்டுப் போகிற கைகள் உண்டு. என் 12 பேரிங்கின் கதைதான் அதுவும். நிகோல் டிஹோரேஷியஸ், அனந்த் ராமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரே சில்லறை விற்பனை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். 65 சதவீதம் தப்பு. கணினி ஐந்து இருக்கிறது என்று சொல்லும், ரேக்கில் ஒன்றுகூட இருக்காது. ஐந்து இருப்பதாக நினைப்பதால் அது ஆர்டர் போடாது. சரக்கு இல்லாததால் விற்பனை நடக்காது. விற்பனை இல்லையே என்று, கேட்பாரே இல்லை என்ற முடிவுக்கும் வந்துவிடும்.

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் 1913-லேயே ஒரு வர்க்கமூலச் சூத்திரம் கொடுத்துவிட்டார். தேவை நான்கு மடங்கானால் வாங்கும் அளவு இரண்டு மடங்கானால் போதும். அழகான விஷயம், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எப்போது வாங்குவது என்பதை உங்கள் இருப்புக் கணக்குதான் சொல்ல வேண்டும். அது பொய் சொன்னால் பாவம், ஹாரிஸ் என்ன செய்வார்?

வருடத்துக்கு ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுவதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தினமும் பத்து இடம் எண்ணுங்கள்; விலை கூடியதையும் வேகமாக ஓடுவதையும் அடிக்கடி. எண்ணுகிறவர் கையில் கணக்குத் தாளைக் கொடுக்காதீர்கள். தாளில் 48 என்று இருந்தால் கண்ணுக்கு 48-தான் தெரியும், இது நான் பட்டறிந்தது. எண்ணும் முன்னால், வாசலில் இறக்கிய சரக்கு கணக்கில் ஏறிவிட்டதா, ஏறாத சீட்டு யார் சட்டைப்பையிலாவது இருக்கிறதா என்று கேளுங்கள். வித்தியாசம் வந்தால் இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்துத் தட்டுகள். அப்புறம் கடைசியாக நடந்த வரவு, வழங்கல். காரணம் தெரிந்த பிறகுதான் அட்ஜஸ்ட்மென்ட். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘இதர’ என்று போடுகிறீர்கள், இல்லையா? எனக்குத் தெரியும். நானும் போட்டவன்தான்.

அன்றைக்கே ஸ்டோர் கீப்பர் 6205 பெட்டிகளையெல்லாம் எதிர் ரேக்குக்கு மாற்றச் சொன்னார். ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தேன். அதன் பிறகு அந்த இரண்டும் கலந்து நான் பார்க்கவில்லை.

இந்த மாதம் நீங்கள் போட்ட அட்ஜஸ்ட்மென்ட்களில் ஒன்றே ஒன்றை எடுத்து, சீட்டுகளைப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். எந்தப் படிப்பு என்ற கேள்விக்கு அப்போது விரிவாகப் பதில் சொல்கிறேன்.