மரம் அசையும்: ஓய்வுபெற்ற தச்சரிடம் சில கேள்விகள்

கேள்வி: பச்சை மரத்தடியைக் குறுக்கே அறுத்து வட்டப் பலகை எடுத்தேன். காய்ந்ததும் விளிம்பிலிருந்து மையம் வரை பிளந்துவிட்டது. என் பிழை என்ன?

பதில்: பிழை உங்களுடையது அன்று. காயும்போது மரம் நீளவாக்கில் பெரும்பாலும் சுருங்குவதில்லை. ஆனால் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அது சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ 2 மடங்கு. சுற்றளவு மிகுதியாகக் குறுக, ஆரம் அந்த அளவுக்குக் குறையாததால், வட்டம் எங்கேனும் வாய் பிளந்தே தீரும். பணி ஓய்வுக்குப் பின் நான் மிகவும் ரசித்துச் செய்த சோதனை இதுதான்: ஈரம் இருக்கும்போதே விளிம்பிலிருந்து மையம் வரை ரம்பத்தால் நானே ஒரு வெட்டு இட்டுவிடுவேன். காயக் காய அந்த வெட்டு விரிய, மற்ற இடங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். நன்றாகக் காய்ந்தபின், விரிந்த இடத்தில் வேறு நிற மரத்தை ஆப்பு வடிவில் செதுக்கிப் பொருத்துவேன். குறையாக வந்தது அணியாகிவிடும்.

கேள்வி: உளியை எந்தக் கோணத்தில் தீட்டுவது?

பதில்: கையால் தள்ளிச் சீவ 25 பாகை; கொட்டாப்புளியால் அடித்து வேலை செய்ய 30.

கேள்வி: ஆளி விதை எண்ணெய் பூசலாமா?

பதில்: பூசலாம். ஆனால் எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறி, நெருப்பில்லாமலே துணி தீப்பற்றும். வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

கேள்வி: எந்த மின் இழைப்பு இயந்திரம் வாங்கலாம்?

பதில்: நான் கை இழைப்புளிக்காரன். இயந்திரம் அறிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: மேசைப் பலகையைச் சட்டத்தோடு நாற்புறமும் ஒட்டிவிட்டேன். இன்றைய பசை மரத்தைவிட வலியது. ஈரத்துக்கேற்ப மரம் விரிந்து சுருங்கி அசையும் என்பது பழங்கதை.

பதில்: பசை வலியது என்பது மெய். அதனால்தான் ஒட்டு விடாமல் பலகை பிளக்கிறது.

கேள்வி: 6 மாதமாகியும் என் மேசை பிளக்கவில்லையே?

பதில்: காற்றின் ஈரம் பெரிதாக மாறாதவரை பிளக்காது. அதே மரத்தில் நாருக்குக் குறுக்கே ஒரு பட்டையும் நெடுக்கே ஒரு பட்டையும் சம நீளத்தில் அறுத்து வைத்து, ஈரமான பருவத்திலும் வறண்ட பருவத்திலும் அளந்து பாருங்கள், பிறகு வாதிடலாம். அடுத்த மேசைக்குச் சட்டத்தில் நீள்துளை இட்டுத் திருகாணியால் பிணையுங்கள்; பலகை அசைய இடம் இருக்கும்.

கேள்வி: என் வட்டப் பலகைக்கு எண்ணெய் பூசினால் பிளக்காதல்லவா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எண்ணெய், மரம் காய்வதைச் சற்றுத் தாமதப்படுத்தலாமே தவிர, சுருக்கத்தை ஒழிக்காது. பூசினால், துணியை விரித்துக் காயவிடுங்கள்.