அதிக விலை சொல்பவரிடம் வீட்டை ஒப்படைக்கலாமா?

கேள்வி: பெற்றோர் வாழ்ந்த வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறோம். மூன்று தரகர்கள் வந்து பார்த்தார்கள். முதலாமவர், மற்ற இருவர் சொன்னதைவிட 15 சதவீதம் கூடுதலாக விலை போகும் என்கிறார். இரண்டாமவர் பாதிக் கமிஷன் போதும் என்கிறார். மூன்றாமவர் தூரத்து உறவினர். அவரிடம் கொடுக்காவிட்டால் மனத்தாங்கல் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இன்னும் யாரிடமும் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒருவர் சொன்ன விலை இருக்கிறது, ஒருவர் கேட்ட கமிஷன் இருக்கிறது, ஒருவருடைய உறவு இருக்கிறது. கடந்த ஓராண்டில் இவர்கள் எத்தனை வீடுகளை விற்றுக் கொடுத்தார்கள், என்ன விலைக்கு முடித்தார்கள் என்பது மட்டும் இல்லை. முடிவெடுக்க வேண்டியது அதை வைத்துத்தான்.

அந்த 15 சதவீதத்தை முதலில் பார்ப்போம். அப்பா அம்மா இருந்த வீட்டுக்கு யாராவது பெரிய விலை சொன்னால் மனம் அவர் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் தரகர் சொல்வது வெறும் மதிப்பீடு. அந்த விலைக்கு அவர் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. விற்பனைப் பொறுப்பு கைக்கு வரவேண்டும் என்பதற்காகவே விலையை ஏற்றிச் சொல்பவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. ஒப்பந்தம் முடிந்து சில வாரங்கள் போனதும், "சந்தை மந்தமா இருக்கு, கொஞ்சம் இறக்கிப் பார்ப்போம்" என்பார்கள். அதற்குள் கெடவேண்டியது கெட்டிருக்கும். ஒரு வீடு விற்பனைக்கு வந்த முதல் சில வாரங்களில்தான், பணத்தோடு தயாராக இருப்பவர்கள் அதைக் கவனிப்பார்கள். அவர்கள் விலையைப் பார்த்து ஒதுங்கிவிட்டால், பிறகு வருபவர்கள் "இவ்வளவு நாளா ஏன் விற்கலை? வீட்டில் ஏதாவது குறையா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். முதலிலேயே சரியான விலை வைத்திருந்தால் கிடைத்திருக்கும் தொகைகூட அப்புறம் கிடைக்காமல் போகலாம்.

எனவே மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்த விலைக்கு எப்படி வந்தீர்கள்?" தொழில் தெரிந்தவர் உங்கள் வீட்டைப் போன்ற பரப்பும் வயதும் கொண்ட, பக்கத்திலேயே அண்மையில் விற்ற நாலைந்து வீடுகளைக் காட்டுவார். உங்கள் வீட்டில் ஓர் அறை கூடுதல், ஆனால் கூரை பழசு, அதனால் இவ்வளவு கூட்டி இவ்வளவு குறைத்தேன் என்று விளக்குவார். அவர் காட்டுவது விற்று முடிந்த விலையாக இருக்க வேண்டும். இப்போது விற்பனையில் இருக்கும் வீடுகளின் விலையைக் காட்டினால் அது போதாது. அது அந்த உரிமையாளர்களின் ஆசை மட்டும்தான். 15 சதவீதம் கூடுதலாகச் சொன்னவர் அப்படிச் சான்று காட்டினால் அவரை நம்பலாம். அவர் சரியாகவும் மற்ற இருவர் தவறாகவும் இருக்கவும் வாய்ப்புண்டு.

அடுத்து, அவர்களுடைய சொந்தக் கணக்கு. கடந்த 12 மாதங்களில் விற்ற வீடுகளின் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் வைத்த விலை, கடைசியில் முடிந்த விலை, எத்தனை நாளில் விற்றது ஆகிய மூன்றும் வேண்டும். கூடவே, எடுத்துக்கொண்டு விற்க முடியாமல்போன வீடுகள் எத்தனை என்றும் கேளுங்கள். இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். 40 வீடுகளை எடுத்து 15 விற்றவரைவிட, 10 எடுத்து 9 விற்றவர் எனக்கு மேலாகத் தெரிகிறார். பட்டியலிலிருந்து, இவர் மூலம் வீட்டை விற்ற இரண்டு பேரை நீங்களே தேர்ந்தெடுத்து, அவர்களிடம் பேசிப் பாருங்கள். கையெழுத்துக்குப் பிறகும் இவர் போனை எடுத்தாரா என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கமிஷனுக்கு வருவோம். 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு 100க்குப் போனால் அவருக்கு 2. இன்னும் சில நாள் பொறுத்து 105க்கு முடித்தால் உங்களுக்குக் கிட்டத்தட்ட 5 கூடுகிறது, அவருக்குக் கூடுவது 0.1 மட்டும். அதனால் காத்திருப்பதைவிடச் சீக்கிரம் முடிப்பதே அவருக்கு லாபம். இதற்காக அவரை நேர்மையற்றவர் என்று சொல்ல மாட்டேன். கமிஷனின் அமைப்பே அப்படி. சிகாகோ வட்டாரத்தில் நடந்த சுமார் ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏஜென்ட்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, அதே மாதிரியான மற்ற வீடுகளைவிட 3.7 சதவீதம் அதிக விலை பெற்றார்கள். அதற்காக ஒன்பது பத்து நாள் கூடுதலாகக் காத்திருக்கவும் செய்தார்கள்.

ஆகவே பாதிக் கமிஷன் என்றதும் மகிழ்ந்துவிடாமல், எந்த வேலையை விடப்போகிறார் என்று பாருங்கள். நல்ல படம் எடுப்பது, விளம்பரம், வருபவர்களுக்கு வீட்டைக் காட்டுவது, பேரம் பேசுவது எல்லாம் செய்வார் என்றால் சரி, குறைந்த கமிஷன் உங்களுக்கு நல்லதுதான். இன்னொரு வழியும் உண்டு: நியாயமான விலை வரை குறைந்த சதவீதம், அதற்கு மேல் கிடைக்கும் தொகைக்கு மட்டும் பெரிய பங்கு என்று பேசிப் பாருங்கள். எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொண்டால், அந்தக் கூடுதல் தொகைக்காக அவரும் பாடுபடுவார்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருவரிடம் மட்டும் கொடுப்பதென்றால் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். இடையில் விலகும் வழியும் எழுதியிருக்க வேண்டும். காலம் முடிந்த பிறகு வீடு விற்றாலும் தமக்குக் கமிஷன் உண்டு என்று ஒரு விதி பெரும்பாலும் இருக்கும். அதை நீக்கச் சொன்னால் சண்டை வரும். அவர் அழைத்து வந்தவர்களின் பெயர்ப்பட்டியலுக்கும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டும் பொருந்துமாறு மாற்றச் சொல்லுங்கள், அது நியாயமானது. வரும் ஒவ்வொரு விலையையும், தமக்குக் குறைவாகத் தோன்றினாலும், எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதைச் சேருங்கள். வாங்குபவரிடமும் கமிஷன் வாங்குவாரா என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் உங்கள் கடைசி விலையை அவரிடம் சொல்லாதீர்கள். உங்கள் ஊரில் தரகர்களுக்குப் பதிவு கட்டாயம் என்றால், அந்த எண்ணை உரிய அலுவலகத்திலேயே சரிபாருங்கள்.

உறவினர் விஷயத்தில், அவருக்கும் இதே கேள்விகள், இதே ஒப்பந்தம்தான். பட்டியலைக் கேட்க இப்போதே உங்களுக்கு நா எழவில்லை என்றால், நாளை வேலை சரியில்லை என்று சொல்லவும் எழாது. அப்படியானால் கொடுக்க வேண்டாம். வேறொருவருக்குக் கையெழுத்துப் போடும் முன்பே அவரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அவரிடம் ஏற்கெனவே வாங்கும் ஆள் யாராவது இருந்தால், அந்தப் பெயரை ஒப்பந்தத்தில் விலக்காக எழுத, அதாவது அந்த ஆள் வாங்கினால் தமக்குக் கமிஷன் இல்லை என்று எழுத, மற்றத் தரகரிடம் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டும் என்றால் பலரும் சம்மதிப்பார்கள்.