வெட்டி ஒட்டியதெல்லாம் பொய்யா?

கேள்வி: நாஜிகளை எதிர்த்த ஜெர்மன் கலைஞர் ஜான் ஹார்ட்ஃபீல்டின் கொலாஜ் படங்களை 'எதிர்ப்புக் கலை' என்று சென்ற இதழில் புகழ்ந்திருந்தீர்கள். நாலு போட்டோவை வெட்டி ஒட்டுவது கலையா? வாட்ஸ்அப்பில் போலிப் படம் பரப்புகிறவனும் அதைத்தானே செய்கிறான்? அத்தனை படம் போட்டும் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டாரே!
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டையும் ஒன்றாக்கியதை என்னால் ஏற்க முடியாது. போலிப் படக்காரனுக்கு வேண்டியது, நடக்காத ஒன்று நடந்ததாக நீங்கள் நம்புவது. நம்பாவிட்டால் அவன் உழைப்பு வீண். ஹார்ட்ஃபீல்டின் படத்தில் ஏமாற வழியே கிடையாது.

1935 டிசம்பரில் அவர் வெளியிட்ட 'ஹுர்ரா, வெண்ணெய் தீர்ந்துவிட்டது!' படத்தைப் பாருங்கள். ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சைக்கிள் பாகங்களையும் இரும்புத் துண்டுகளையும் கடித்துக்கொண்டிருக்கிறது. கைக்குழந்தையின் வாயில் கோடரி. நாய் ஒரு பெரிய நட்டு போல்ட்டை நக்குகிறது. சுவரெங்கும் ஸ்வஸ்திகா, நடுவே ஹிட்லர் படம். கீழே, ஹிட்லரின் அமைச்சர் கோரிங் ஹாம்பர்க்கில் பேசியது அச்சாகியிருக்கிறது: நாட்டை வலுவாக்குவது எப்போதும் உலோகம்தான், வெண்ணெயும் கொழுப்பும் மக்களைக் கொழுக்க வைத்ததோடு சரி. பேச்சு நிஜம், பேசியவரும் நிஜம். அந்தப் பேச்சின்படி ஒரு வீடு சாப்பிட்டால் எப்படியிருக்கும் என்று மட்டும் ஹார்ட்ஃபீல்ட் காட்டினார். ஆட்சியாளனின் வார்த்தையையும் முகத்தையும் எடுத்து அவனுக்கு எதிராகவே நிறுத்துவதுதான் இந்தக் கலையின் பலம். நான் அப்படிச் சொல்லவில்லை என்று கோரிங் மறுக்க முடியாது.

1932 அக்டோபர் படம் இன்னும் கூர்மை. 'எனக்குப் பின்னால் மில்லியன்கள் நிற்கின்றன' என்பது ஹிட்லரின் பெருமிதம். படத்தில் அவர் கையை மடக்கி சல்யூட் வைக்கிறார். பின்னால் நிற்கும் ஒரு ராட்சத ஆள் அந்தக் கையில் பணக்கட்டை வைக்கிறான். பின்னால் நிற்கும் மில்லியன்கள் மக்களா, மார்க் என்ற ஜெர்மன் பணமா? ஜெர்மன் தொழிலாளி பார்த்தவுடனே புரிந்துகொண்டிருப்பான்.

கலையா என்று கேட்டீர்கள். ஹார்ட்ஃபீல்ட் கையில் கிடைத்ததை ஒட்டியவரல்ல. தேவையான காட்சியைப் புகைப்படக்காரர்களை வைத்து எடுக்கச் சொல்வார். ஒளி, அளவு எல்லாம் பொருந்த வேண்டும். அப்புறம் டச்சிங் வேலை. அச்சுமுறையையும் கணக்கில் வைத்தே செய்ததால் ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது. இதெல்லாம் கண்காட்சிச் சுவருக்காக அல்ல. உச்சத்தில் சுமார் ஐந்து லட்சம் பிரதிகள் விற்ற ஏ.ஐ.இஸட். என்ற தொழிலாளர் படப் பத்திரிகைக்காக.

சரி, ஹிட்லர் வந்துவிட்டாரே. வந்தார். 1933 ஜனவரியில் அவரைத் தடுக்க வேண்டியிருந்தவை கட்சிகள், சங்கங்கள், நீதிமன்றங்கள். கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும் ஒருவரையொருவர் எதிரியாக நினைத்து நேரத்தைத் தொலைத்தார்கள். அத்தனை பேரும் தோற்ற இடத்தில் ஒரு கத்தரிக்கோலிடம் மட்டும் கணக்குக் கேட்பது நியாயமே இல்லை. 1933 ஏப்ரலில் ஹிட்லர் கட்சியின் எஸ்.எஸ். படையினர் ஹார்ட்ஃபீல்டின் வீட்டுக்குள் புகுந்தார்கள். பால்கனியிலிருந்து குதித்துத் தப்பி, எல்லை மலைகளை நடந்தே கடந்து செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகருக்குப் போனார். அங்கும் விடவில்லை. 1934இல் அங்கே மானெஸ் என்ற கலைச் சங்கத்தின் கண்காட்சியில் அவர் படங்கள் மாட்டப்பட்டதும் ஜெர்மன் தூதரகம் ஆட்சேபம் தெரிவித்தது. சில படங்கள் அகற்றப்பட்டன. படங்களை அகற்ற அகற்ற நிஜம் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று அதையே அடுத்த படமாக்கினார். ஏ.ஐ.இஸட். பத்திரிகையின் விற்பனையோ, அதுவும் நாடு கடந்து பிராக் வந்ததில், சுமார் 12,000 பிரதிகளாகச் சுருங்கிப்போனது. அவர் நிறுத்தவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல ஒரு இடம் உண்டு, நீங்கள் அதைத் தொடவில்லை. சோவியத்தில் அப்போது வெட்டுவது வேறு விதமாக நடந்தது. ரகசியப் போலீஸ் தலைவர் யெழோவ் 1940இல் கொல்லப்பட்டபின், கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்ற அவர் உருவம் புகைப்படத்திலிருந்தே அழிக்கப்பட்டது. நீங்கள் பயப்படும் போலிப் படம் அதுதான்: வெட்டியதை மறைத்து, வரலாறு என்று கையில் கொடுப்பது. 1931இல் மாஸ்கோவில் தங்கி வேலை செய்த ஹார்ட்ஃபீல்ட், கம்யூனிஸ்ட் கட்சிக்காரராகவே இருந்தவர், ஹிட்லரிடம் காட்டிய கூர்மையை ஸ்டாலினிடம் காட்டவே இல்லை. அவரை மதிக்கிறேன், ஆனால் இதை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. அந்த மௌனத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.