மாணிக்கத்தை அழுத்தினால் அதன் ஒளி என்ன ஆகும்?

கேள்வி: ஒரு திடப்பொருளில் கலந்திருக்கும் மாசும், அதன்மேல் செலுத்தும் அழுத்தமும் அது வெளியிடும் ஒளியை மாற்றுமா?

மாற்றும். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. ஒளி வருமா, வந்தால் என்ன நிறம் என்பதைப் பல படிகங்களில் மாசுதான் முடிவு செய்கிறது. வருகிற ஒளியின் அலைநீளத்தை அழுத்தம் நகர்த்துகிறது. இரண்டையும் ஒரே கல்லில் பார்க்க மாணிக்கம்தான் வசதி. உயர் அழுத்த ஆய்வகத்தில் சில காலம் அதோடு மல்லுக்கட்டியவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனையும் உண்டு.

சுத்தமான அலுமினியம் ஆக்சைடு படிகத்துக்கு நிறமே கிடையாது. அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் குரோமியம் என்ற மாசு போய் உட்கார்ந்துவிட்டால் அது மாணிக்கம். பச்சை, ஊதா ஒளிகளைக் குரோமியம் விழுங்கி, 694.3, 692.9 நானோமீட்டரில் இரண்டு மெல்லிய சிவப்புக் கோடுகளாகத் திருப்பித் தருகிறது. 1960இல் தியோடர் மைமன் இயக்கிக் காட்டிய முதல் லேசரின் ஒளி இதில் முதல் கோடுதான். லேசருக்கான மாணிக்கத்தில் குரோமியம் ஆக்சைடு எடையில் சுமார் 0.05 சதவீதம்தான் இருக்கும்; பார்த்தால் வெளிர் ரோஜா நிறம். நிறையப் போட்டால் நிறைய ஒளி என்றும் இல்லை. குரோமியம் அயனிகள் ரொம்ப நெருங்கினால் ஆற்றல் கைமாறிக் கைமாறி வழியிலேயே வீணாகிவிடும்.

இரும்பு இதற்கு நேர் எதிரி, ஒளிர்வை அணைத்துவிடும். மியான்மரின் மொகோக்கில் சலவைக்கல்லில் விளைந்த மாணிக்கங்களில் இரும்பு குறைவு, அதனால் புற ஊதா விளக்கில் தணல் போலச் சிவக்கும். தாய்லாந்தின் எரிமலைப் பாறைப் பகுதிக் கற்களில் இரும்பு அதிகம், ஒளிர்வு மங்கல். (விளக்கில் ஒளிர்கிறது, ஆகவே அசல் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். உலையில் வளர்த்த மாணிக்கமும் பிரமாதமாக ஒளிரும்.)

சரி, அழுத்தம். படிகத்தை அழுத்தும்போது குரோமியமும் ஆக்சிஜனும் நெருங்குகின்றன. குரோமியத்தின் எலக்ட்ரான் மேகம் ஆக்சிஜன் பக்கம் சற்றுப் பரவுகிறது, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவது தளர்கிறது. அந்தச் சிவப்புக் கோடுகளின் ஆற்றல் பெரும்பாலும் இந்தத் தள்ளலைப் பொறுத்தது. அதனால் ஆற்றல் குறைந்து அலைநீளம் கூடுகிறது: ஒரு கிகாபாஸ்கலுக்கு, அதாவது ஏறத்தாழ 10,000 வளிமண்டல அழுத்தத்துக்கு, சுமார் 0.36 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானிக்குத் தாராளமாகத் தெரியும்.

1972இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவன ஆய்வாளர்கள் இதையே அழுத்தமானியாக்கினார்கள். இரண்டு வைர முனைகளுக்கு இடையே மாதிரியோடு மாணிக்கத் துகள் ஒன்றைப் போட்டு, லேசர் அடித்து, கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். அங்கே வேறு எந்தக் கருவியை நுழைக்க முடியும்? அப்புறம், இரண்டு கோடுகளும் அகன்று ஒன்றோடொன்று கலந்தால், அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக இல்லை என்று பொருள். வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். 5 டிகிரி சூடேறினாலே கோடு 0.1 கிகாபாஸ்கல் ஏறியது போல நகர்ந்துவிடும். லேசரைக் கூட்டி வைத்தால் துகளே சூடாகும், அழுத்தம் ஏறிவிட்டது என்று நாம் எழுதிக்கொண்டிருப்போம்.

எதை அழுத்தினாலும் ஒளி சிவப்புப் பக்கம்தான் போகும் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. கேலியம் ஆர்செனைடு போன்ற குறைகடத்தியில் ஒளி மாசிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை, படிகத்தின் ஆற்றல் இடைவெளியிலிருந்தே வரும்; அதாவது மேல் ஆற்றல் பட்டையிலிருந்து எலக்ட்ரான் கீழ்ப் பட்டைக்கு விழும்போது அந்த இடைவெளி அளவு ஆற்றல் ஒளியாகிறது. அழுத்தினால் அந்த இடைவெளி கிகாபாஸ்கலுக்குச் சுமார் 0.1 எலக்ட்ரான் வோல்ட் அகலும், அலைநீளம் குறையும். சுமார் 4 கிகாபாஸ்கலைத் தாண்டினால் எலக்ட்ரான்களுக்கு நேராகக் கீழே விழுந்து ஒளி தரும் வழி அடைபட்டு, ஒளிர்வு சட்டென்று மங்கிவிடும்.